பதினான்கு பேரின் பாஸ்வேர்ட்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசிவிடுகிறேன் என்றேன். “வேணாம். போன்ல பேசினா பாதியில வாதாட ஆரம்பிச்சிடுவீங்க. எழுதுங்க. எழுதுறப்பவாவது வாய் கொஞ்சம் அடங்கும்” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. “ஸ்கிரீன்ல பார்க்கிறதுக்கெல்லாம் எவனாவது காசு குடுப்பானா?” என்று கேட்டேன். நீங்கள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தீர்கள். தலை வலிக்கிறது என்று எழுந்தீர்கள். உங்கள் மகன் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறவன். காலையிலிருந்து மாலைவரை யார் யாருடைய வாய்க்கோ மெழுகிலும் பிளாஸ்டரிலும் அச்சு எடுக்கிறேன். பத்தொன்பது வருடமாக என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது உங்கள் பத்திரிகைதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உறை வரும். உள்ளே ஒரு புது போர் விளையாட்டு. மடித்த வரைபடம், அட்டைக் காய்கள், விதிப் புத்தகம், வாசகர் கடிதங்கள். லேப் கத்தியால் காய்களை வெட்டி எடுப்பதே எனக்குப் பாதி விளையாட்டு. மகளுக்குப் பார்த்த வரனின் அம்மாதான் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்று தெரிந்த அன்று நான் எப்படிக் குதித்தேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்றுகூட அப்புறம்தான் கேட்டேன்.

அப்படிப்பட்ட பத்திரிகையை நிறுத்திவிட்டு, “இனி இணையத்தில் மட்டும், சந்தா கட்டிப் படிக்கவும்” என்று ஒரு பக்க அறிவிப்பு போட்டீர்கள். வரைபடத்தை நாங்களே அச்செடுக்க வேண்டும், காய்களை நாங்களே அட்டையில் ஒட்ட வேண்டும். அதற்குப் பணமும் நாங்களே கொடுக்க வேண்டும். எனக்குக் கோபம் வராதா?

மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 15

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கால் பங்கு புகார், கடைசி வரியில் மன்னிப்பு. பத்தொன்பது வருடமாக வாசகர் கடிதங்களைப் படித்தவள் என்பதால் எனக்கு இது பழக்கம்தான்.

பத்திரிகையை நான் நிறுத்தவில்லை. கடைகள் நிறுத்தின. கடைசி வருடம் அனுப்பிய கட்டுகளில் பாதி, கயிறு பிரிக்காமலே திரும்பி வந்தன. அதை அடுக்கிவைக்க இடமில்லாமல் அலுவலகக் கழிப்பறைக் கதவைப் பாதி திறந்து உடம்பை நுழைத்துப் போய்வந்தோம். ஒரு நாள் உரிமையாளர் எல்லாரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் யாருக்கும் தேநீர் கொடுக்கிறவர் இல்லை. அப்போதே புரிந்துவிட்டது.

மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். நான் பத்திரிகையின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். உறையும் அட்டையும் போய்விட்டன, சரி. ஆனால் அந்த அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்கிற வேலை போகவில்லை. ஒரு விளையாட்டை உருவாக்க இப்போதும் அதே இரண்டு மாதம் ஆகிறது.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

கல்யாணத்தின்போது மருமகளுக்கு ஒரு வருடச் சந்தாவை அன்பளிப்பாகக் கொடுத்தேன். அவளுக்கு இந்த விளையாட்டுகளில் ஆர்வமில்லை என்று தெரியும். நான் என்ன செய்கிறவள் என்று அவளுக்குக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கணக்கை ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் திறக்க முடியும். போன மாதம் அதைப் பதினான்கு போன்களிலும் கணினிகளிலும் திறந்திருக்கிறார்கள். பதினான்கும் உங்கள் ஊர்.

போன வாரம் மருமகள் தயங்கித் தயங்கி வந்து, “அத்தை, நீங்க எழுதுறதைப் படிக்கலாம்னு நாலஞ்சு தடவை போய்ப் பார்த்தேன். திறக்கவே மாட்டேங்குது. நான்தான் ஏதோ தப்பா அழுத்துறேன் போல” என்றாள்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். கையிலிருந்த மெழுகு அச்சில் கட்டைவிரல் அழுந்தி, ஒருவருடைய முன்பற்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன. மறுபடி செய்தேன்.

நடந்தது இதுதான். கல்யாணம் முடிந்து முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது மகள், “அப்பா, இது உங்களுக்குத்தான் பிடிக்கும், நீங்களும் பாருங்க” என்று பாஸ்வேர்டைச் சொன்னாள். நான் பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் கிளப்பில் என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர். ஞாயிறு காலையில் டயர்க் கடை மாடியில் கூடுவோம். எல்லாருமே உங்கள் பழைய வாசகர்கள். பத்திரிகை நின்றதிலிருந்து எல்லாருக்கும் முகமே சரியில்லை. குழுவில் ஒரு செய்தி போட்டேன், அவ்வளவுதான். திருடுகிறோம் என்று தோன்றவே இல்லை. பத்திரிகை ஒரு பிரதி வாங்கிப் பத்துப் பேர் படிப்பதில்லையா என்றுதான் நினைத்தேன். ஆனால் பத்துப் பேர் படித்தாலும் அந்தப் பிரதி என் மகள் கையில் திரும்ப வந்திருக்கும். அதுதான் இப்போது உறுத்துகிறது.

காசு கொடுக்காமல் படித்துக்கொண்டே, எவன் காசு கொடுப்பான் என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை யாரும் பின்னால் நிற்கவில்லை. நானாகத்தான் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “பாஸ்வேர்டை மாத்திடறேன்ப்பா” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “இருக்கிற சங்கடம் போதாதா, இதை வேற எழுதணுமா?” என்கிறாள் மனைவி. ஆனால் உங்கள் வாசகனாக என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜனவரி இதழில் வந்த ‘இரண்டு பாலங்கள்’ விளையாட்டில் பிழை இருக்கிறது. கிளப்பில் ஏழு மேசையிலும் அதைப் போட்டோம். ஏழிலும் தென்கரைக்காரர்தான் ஜெயித்தார். பக்கம் மாறி உட்கார்ந்தோம். மறுபடி ஏழிலும் தென்கரை. வடகரைப் படை பாலத்தை ஒவ்வொன்றாகத்தான் தாண்ட முடியும். அந்தப் பக்கம் மூன்று படைகள் காத்துக்கொண்டு நிற்கலாம். வருகிற ஒவ்வொன்றும் அடி வாங்கிச் சாகிறது. எங்கள் பஸ் டிரைவர் வடகரையில் உட்கார்ந்து, “இது போர் இல்லைங்க, டிக்கெட் கவுண்டர்” என்றார்.

பதினான்கு ஆட்டங்களின் குறிப்பும் இத்துடன் இருக்கிறது. கோபம் வந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

தங்கள் சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தி அவர்களுக்கு,

கோபம் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். முதல் தாளில் டிரைவர் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்கு மேல் கிழிக்க முடியவில்லை.

அலுவலகம் இருந்தபோது புது விளையாட்டை ஆடிப் பார்த்துச் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முரடர், ஒருவர் நிதானம். அவர்களிடமிருந்து தப்பிவந்த பிழை மிகக் குறைவு. இப்போது நானே இரண்டு பக்கமும் ஆடுகிறேன். எனக்கு நானே என்ன அதிர்ச்சி கொடுத்துவிட முடியும்? அதனால் என் வீட்டுக்காரரை உட்காரவைத்தேன். ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன். பொறுமைசாலி. எனக்காக எது சொன்னாலும் செய்வார்.

‘இரண்டு பாலங்கள்’ ஒன்பது தடவை ஆடினோம். நான் எப்போதும் தென்கரை, ஜன்னல் பக்கம் என் நாற்காலி இருப்பதால். ஒன்பதிலும் நான்தான் ஜெயித்தேன். வழக்கம்போல விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. உங்கள் குறிப்புகளைப் படித்த பிறகு அவரிடம் காட்டினேன். முழுதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ நான் முட்டாள் இல்லையா?” என்றார்.

“விட்டுக்கொடுக்கிறீங்கன்னு இல்ல நினைச்சேன்!”

“நான் எங்க விட்டுக்கொடுத்தேன்? ஒன்பது தடவையும் உயிரைக் குடுத்து ஆடினேன். உன்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு பேசாம இருந்தேன்.”

பாலத்து முனையில் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதியை மாற்றினேன். மறுபடி ஆடினோம். அவர் ஜெயித்தார். எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார். இந்த மனிதரிடம் இப்படியொரு முகம் இருக்கிறது என்று முப்பத்தோரு வருடத்தில் எனக்குத் தெரியாது.

அன்று மாலையே திருத்திய விதிப்பக்கத்தை ஏற்றிவிட்டேன். வாங்கிய எல்லாருக்கும் புதுப்பக்கம் போயிருக்கும்.

நன்றி என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன், பாருங்கள்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

என் பெயரிலேயே சந்தா கட்டிவிட்டேன். பாஸ்வேர்டை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. “யாருக்கு வேணும் உங்க பாஸ்வேர்டு?” என்கிறாள்.

திருத்திய பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அச்சில் பிழை வந்தால் அடுத்த இதழில் பின்பக்கம் பொடி எழுத்தில் திருத்தம் போடுவீர்கள். அதைக் கத்தரித்து விதிப் புத்தகத்தில் ஒட்டுவேன். இரண்டு மாதம் தப்பான விளையாட்டையே ஆடியிருப்போம். இப்போது வெள்ளிக்கிழமை உங்கள் கைக்குக் கடிதம் வந்தது, சனிக்கிழமை விதி சரியாகிவிட்டது. இதற்குக் கொடுக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஞாயிறு கிளப்பில் இதைப் பேசினேன். மாடியில் டயர் வாசனையைவிடச் சூடு அதிகமாகிவிட்டது. எங்களில் ஒருவரைத் தணிக்கை என்று கூப்பிடுவோம். எந்தப் பேச்சையும் நான்கு கேள்வி கேட்காமல் விடமாட்டார். அவர் எழுந்தார்.

“பிழையைக் கண்டுபிடிச்சது யாரு? நாம. பதினாலு ஆட்டம் ஆடினது யாரு? நாம. அப்புறம் நாமளே காசும் கட்டணுமா? அவங்கதான் நமக்குக் குடுக்கணும்!”

“ஓசியில படிச்சவங்க நாம. அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?” என்றார் டிரைவர்.

தணிக்கை உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இல்லையா என்று எனக்கும் உள்ளே குடைகிறது.

என் புகார்கள் தீர்ந்துவிடவில்லை. எங்களில் பெரியவர் ஒருவருக்குக் கை நடுக்கம். அவரால் காய்களை வெட்ட முடியாது. ஸ்கிரீனில் வரைபடத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கினால் மற்ற மூலை எங்கே என்று தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகர் கடிதங்கள் எங்கே? நான் முதலில் படிப்பதே அதைத்தான். முகம் தெரியாத ஒருவர் இன்னொருவரை ‘உங்கள் படை வியூகம் பரிதாபத்துக்குரியது’ என்று திட்டுவதைப் படித்தால்தான் எனக்குத் தனியாக இல்லை என்று இருக்கும். அந்தப் பக்கத்தை ஏன் எடுத்தீர்கள்?

தங்கள் சம்பந்தி


மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

தணிக்கை சொல்வது சரி. பிழை தேடித் தருவது வேலை. வேலை செய்கிறவரிடம் காசு கேட்கக் கூடாது. இணையத்தில் வரப்போகும் நான்காவது இதழ் விளையாட்டை வெளியிடுவதற்கு முன்பே உங்கள் கிளப்புக்கு அனுப்புகிறேன். அதை ஆடிப் பார்த்து எழுதித் தருகிறவர்களுக்கு அந்த இதழ் இலவசம். எழுதித் தராமல் ஆட மட்டும் செய்கிறவர்கள் கட்டட்டும். இதை அவரிடம் காட்டுங்கள். ஐந்தாவது கேள்வி இருந்தால் எனக்கே எழுதச் சொல்லுங்கள்.

பெரியவருக்காகக் காய்களைப் பெரிய அளவில், நேர்கோட்டில் மட்டும் வெட்டும்படி ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். வரைபடத்தை நான்கு தாளாகப் பிரித்து அச்செடுக்கவும் வழி செய்கிறேன். இதையெல்லாம் நீங்கள் ஐந்து மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தால் அப்போதே செய்திருப்பேன். யாரும் எழுதவில்லை. சந்தாவை நிறுத்துகிறவர்கள் சத்தமில்லாமல் நிறுத்துகிறார்கள்.

வாசகர் கடிதப் பக்கத்தை எடுத்தது பயத்தால். பத்திரிகை நின்ற வாரத்தில் வந்த கடிதங்களில் பதினொன்று என்னைத் துரோகி என்றன. அப்புறம் கடிதப் பையைத் திறக்கவே மனம் வரவில்லை. மேசையிலேயே இரண்டு வாரம் கிடந்தது. புது இடத்தில் அந்தப் பக்கத்துக்கு இடமே வைக்காவிட்டால் யாரும் திட்ட முடியாது என்று நினைத்தேன். திட்டு நின்றது. கூடவே மற்ற பேச்சும் நின்றது.

என் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். ஆறாவது இதழோடு மூடிவிடுவது என்று ஜனவரியில் முடிவெடுத்தேன். பாடநூல் அலுவலகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் நேர்முகம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

கடிதப் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். முதல் கடிதம் உங்களுடையதாக இருக்கட்டும். சம்பந்தி என்று எழுதாதீர்கள். ஆசிரியர் அவர்களுக்கு என்று ஆரம்பியுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தைத் தனியாக அனுப்பிவிட்டேன். ஒன்பதாவது விதியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும்.

நான்காவது விளையாட்டை மூன்று ஞாயிறு ஆடினோம். தணிக்கை ஒரு நோட்டுப் புத்தகமே வாங்கிவிட்டார். இருபத்தெட்டு குறைகள். “இதுல இருபதை ஏத்துக்கிட்டாங்கன்னா நான் சந்தாவும் கட்டறேன். சும்மா வாங்கிக்க எனக்கு வெட்கமா இருக்கு” என்றார். நீங்கள் இருபத்திரண்டை ஏற்றுக்கொண்டீர்கள். மறுநாள் காலை அவர் கட்டிவிட்டார். எனக்குப் போன் செய்து, “கட்டிட்டேன், இனிமே இன்னும் கேள்வி கேட்பேன்” என்றார்.

எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்பது பேர் கட்டியிருக்கிறார்கள். மூன்று பேர் பழைய இதழ்களே ஆயுசுக்கும் போதும் என்கிறார்கள். அவர்களோடும் ஆடுகிறோம், அதிலொன்றும் சண்டையில்லை. இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் என் பள்ளிக்கூட நண்பர். அது வலிக்கத்தான் செய்கிறது.

பெரியவர் நீங்கள் அனுப்பிய தாளில் தன் கையாலேயே பதினாறு காய் வெட்டினார். யாரையும் கிட்டே விடவில்லை.

மகள் போன் செய்திருந்தாள். ‘அப்பா, குதிரைப் படை ஆத்துக்குள்ள இறங்கலாமா?’ என்று கேட்டாள். போனைக் கீழே போடப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தாள். எத்தனையோ தடவை வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் மேசைப் பக்கம் வந்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதத்தில் குதிரைப் படை! பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

நேர்முகம் என்ன ஆயிற்று? கேட்கக் கூடாதென்றுதான் மூன்று வாரம் இருந்தேன்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்தி அவர்களுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வருகிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சரி என்றார்கள். மற்ற நாட்கள் பத்திரிகைக்கு. ஆறாவது இதழோடு மூடவில்லை. ஏழாவது இதழுக்கு வரைபடக்காரரிடம் பேசிவிட்டேன். பெரிய வெற்றி என்றெல்லாம் இல்லை. கடிதப் பக்கம் திறந்ததிலிருந்து போனவர்களில் கொஞ்சம் பேர் திரும்பி வருகிறார்கள், திட்டிக்கொண்டே. உங்கள் ஒன்பதாவது விதிக் கடிதத்துக்கு ஆறு பதில்கள் வந்திருக்கின்றன. ஐந்து உங்களுக்கு எதிராக.

மருமகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போன ஞாயிறு அவளும் நானும் ஆடினோம். விதிப் புத்தகத்தைத் திறக்காமலே பாதி விதிகளைச் சொன்னாள். எனக்கு ஆச்சரியம்.

“இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

“சின்ன வயசுல அப்பா ஆடுறப்ப கதவுக்குப் பின்னாடி நின்னு பார்ப்பேன் அத்தை.”

“கிட்டப் போய் உட்கார வேண்டியதுதானே?”

“ஒரு தடவை போனேன். ‘தொடாதே, கலைஞ்சிடும்’னு சொல்லிட்டார். அப்புறம் கூப்பிட்டார்தான். ஆனா நான் வெட்டினா கோணலாயிடும், நான் எடுத்தா கசங்கிடும்னு பயம். வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லி, என் தலைநகரையும் பிடித்தாள்.

வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் ஐந்தாவது இதழின் சோதனை. நான்கு பேர் ஆடுவது. அவள், என் வீட்டுக்காரர், நான். என் மகனைக் கூப்பிட்டால் தூங்கிவிடுவான். நான்காவது யார் என்று கேட்டேன். மருமகள் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 14

சம்பந்தி அம்மாவுக்கு,

ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்ஸில் நானும் மனைவியும் வருகிறோம்.

தொடாதே என்று சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு இருக்கிறது. உங்கள் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். காய்களை யாரும் வெட்டிவைக்க வேண்டாம். லேப் கத்தி கொண்டுவருகிறேன், அவள் கையில் கொடுக்கிறேன். எவ்வளவு கோணலாக வந்தாலும் சரி, அந்தக் காய்களை வைத்துத்தான் ஆடுவது.

தங்கள் சம்பந்தி